முருங்கைக்காய் ஏற்றுமதிக்கு ஆக்சஸ்2மார்க்கெட்ஸ் எவ்வளவு உதவும்?

ஐரோப்பிய ஒன்றியம் 2020 அக்டோபரில் தொடங்கிய ‘ஆக்சஸ்2மார்க்கெட்ஸ்’ என்ற இலவசத் தகவல் சேவையை, ஒட்டன்சத்திரம் பக்கம் முருங்கைக்காய் வாங்கி விமானத்தில் அனுப்பும் நான் இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன்.

சரக்கின் எச்.எஸ். எண் (சுங்கத்துக்காகச் சரக்குகளை வகைப்படுத்தும் சர்வதேச எண்), புறப்படும் நாடு, சேரும் நாடு ஆகியவற்றைக் கொடுத்தால், சுங்கவரி, அந்நாட்டு மதிப்புக்கூட்டு வரி, தேவைப்படும் ஆவணங்கள் அனைத்தும் வரிசையாக வந்துவிடுகின்றன. முருங்கைக்காய் 0709 99 என்ற ‘இதர காய்கறி’ப் பிரிவில் அடங்குகிறது என்பதை முன்பே அறிந்திராத புதியவர்கள் இங்கேயே தடுமாறுவார்கள். மற்றபடி வரி விவரங்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் எங்களை மறிப்பது வரியன்று, பூச்சிமருந்து எச்சம். தனி வரம்பு குறிக்கப்படாத மருந்துக்கு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு மட்டுமே அங்கு அனுமதி. பக்கத்துத் தோட்டத்தில் அடித்த மருந்து காற்றில் வந்து படிந்ததால் என் சரக்கு ஒன்று அந்த அளவைத் தாண்டி, விமான நிலையத்திலேயே அழிக்கப்பட்டது. சோதனை முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் நுனி சுருங்கிப் பச்சை வெளுத்துப்போன காய்களை வாங்குபவர் படமெடுத்து அனுப்பியபோது, அவற்றைப் பறித்த விவசாயியிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன்.

இவ்வளவு முக்கியமான இடத்தில்தான் இந்தச் சேவை போதவில்லை. எச்ச வரம்பு உண்டு என்று பொதுவாகச் சொல்கிறதே தவிர, நூறு சரக்குகளில் எத்தனையைப் பிரித்துச் சோதிப்பார்கள் என்பதை அறிய, இறக்குமதி உணவுச் சோதனை பற்றிய, 2019/1793 எண் கொண்ட ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குமுறையின் இணைப்புப் பட்டியலுக்குள் சென்று, இந்திய முருங்கைக்காய்க்குரிய பதிவை நாமே தேட வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலை ஆறு மாதங்களுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்கிறார்கள் என்பதால், போன பருவத்தில் பார்த்ததை நம்பி இந்தப் பருவத்தில் பெட்டி கட்டக் கூடாது. வணிகத் தடைகளைப் பற்றி இந்தச் சேவையில் முறையிடும் வசதியும் ஐரோப்பிய நிறுவனங்களுக்கே உரியது. நாம் நம் அரசின் வழியாகத்தான் பேச முடியும்.

வரிக்கணக்குப் போட இதைத் தாராளமாக நம்பலாம். சோதனை விகிதத்துக்கு மட்டும் ஒழுங்குமுறையின் அண்மைத் திருத்தத்தையே நேரடியாகத் திறந்து பாருங்கள். நான் இப்போதெல்லாம் அதைப் பார்த்த பிறகே, விவசாயியின் மருந்தடிப்புக் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்து, பக்கத்துத் தோட்டத்தில் என்ன அடித்தார்கள் என்றும் கேட்டுவிட்டு, விலை பேசுகிறேன்.