ஜெக்வானாக்ஸ்: பைப்புக்கு தாராளமா போடலாம், ஏரிக்குன்னா யோசிங்க

ஜெக்வானாக்ஸ்ங்கறது தண்ணி பைப்ப அடைக்கிற ஜீப்ரா மட்டிய கொல்ற மருந்து. மொதல்லயே மார்க் போட்டுடறேன். மூடின பைப்லைன், கூலிங் வாட்டர் சிஸ்டம்னா 5க்கு 4. திறந்த ஏரின்னா 5க்கு 2, அதுவும் கொஞ்சம் தாராள மனசோட.

நான் வேலை பாக்குற பிளான்ட் பேரு வேணாம், அமெரிக்காவுல கிரேட் லேக்ஸ் பக்கம் ஏரித்தண்ணிய இழுத்து மெஷினை குளிர வைக்கிற இடம். இங்க மெயின்டெனன்ஸ் ஆளுங்களுக்கு நிரந்தர தலைவலி ஜீப்ரா மட்டி, அதோட பங்காளி குவாகா மட்டி. சொந்த ஊரு கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கம், கப்பல் ஆடாம இருக்க அடில ரொப்பிக்கற பேலஸ்ட் தண்ணில வந்து எறங்குச்சுங்க, 1988ல ஜீப்ரா மட்டிய செயின்ட் கிளேர் ஏரில மொதல்ல கண்டுபிடிச்சாங்க. அடுத்த வருஷமே டிசம்பர்ல மிச்சிகன்ல மன்றோங்கற ஊருக்கு குடிதண்ணி நின்னு போச்சு, ஏரித்தண்ணிய உள்ள இழுக்கற இன்டேக் பைப்ப மட்டியும் ஐஸும் சேர்ந்து அடைச்சதுல. ஒரு பொட்டை மட்டி வருஷத்துக்கு பத்து லட்சம் முட்டை வரைக்கும் போடும். நகம் சைஸ் ஐட்டம்தான், ஆனா நூல் மாதிரி ஒண்ண விட்டு இரும்பு, கான்கிரீட், பிளாஸ்டிக்னு எதுல வேணா ஒட்டிக்கும், அது மேல இன்னொண்ணு, அது மேல இன்னொண்ணுன்னு அடுக்கிகிட்டே போயி பைப்போட உள்விட்டம் பாதி ஆயிடும்.

எல்லாரும் போடுறது குளோரின்தான். இதுல என்ன கஷ்டம்னா மட்டி முட்டாள் இல்ல. குளோரின் வாசம் பட்ட உடனே ஓட்ட இறுக்கி மூடிக்கும், ரெண்டு வாரம் கூட அப்படியே மூடிட்டு உக்காந்திருக்கும், நாம அது வரைக்கும் விடாம குளோரின் ஓட்டிகிட்டே இருக்கணும், அப்புறம் தண்ணிய வெளிய விடறதுக்கு முன்னாடி அந்த குளோரினை முறிக்க இன்னொரு கெமிக்கல்.

இந்த எடத்துலதான் ஜெக்வானாக்ஸ் வித்தியாசப்படுது. உள்ள இருக்கறது சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ். ஆமாங்க, நம்மூரு உரக்கடையில பாக்கெட்ல விக்கிற அதே சூடோமோனாஸ்தான், விதைநேர்த்திக்கு கிலோவுக்கு 10 கிராம்னு போடுவோமே, அந்த இனம். ஆனா ரகம் வேற. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தோட ரகம் பிஎஃப்1, இது சிஎல்145ஏ. நியூயார்க் ஸ்டேட் மியூசியத்துல டேனியல் மல்லாய்னு ஒரு சயின்டிஸ்ட், 700க்கும் மேல பாக்டீரியா ரகத்த மட்டிக்கு ஊட்டி ஊட்டி பாத்து இதை பொறுக்கி எடுத்தாரு. அப்புறம் கலிஃபோர்னியாவுல மரோன் பயோ கம்பெனி அத ப்ராடக்ட்டா மாத்துச்சு.

பொடில இருக்கற பாக்டீரியா உசுரோட இல்ல, கொன்னு காய வெச்சதுதான். செத்த பாக்டீரியாவே போதும், ஏன்னா வேலைய செய்யறது அதோட செல்லுல இருக்கற நச்சு. மட்டிக்கு இது ஆபத்துன்னு தெரியவே தெரியாது, சாப்பாடுன்னு நெனச்சு வாய தொறந்து இழுக்கும், உள்ள போயி ஜீரண சுரப்பியோட சுவர அரிச்சிடும், அப்புறம் சாவுதான்.

எங்க பிளான்ட்ல மெயின் லைன்ல இருந்து ஒரு கிளை எடுத்து பயோபாக்ஸ்னு ஒரு தொட்டி வெச்சிருக்கோம், உள்ள உயிர் மட்டி இருக்கும், மருந்து வேலை செய்யுதான்னு அதுல பாத்துக்கலாம். ட்ரையல் அன்னிக்கு நான் டார்ச் அடிச்சு பாத்துகிட்டே இருந்தேன். குளோரின் விட்டா டப்பு டப்புன்னு எல்லாம் மூடிக்குமே, இங்க ஒண்ணு கூட மூடல. தண்ணி பால் கலந்த மாதிரி கலங்கி வருது, தண்ணிய உள்ள இழுக்க, வெளிய விட இருக்கற ரெண்டு குழலையும் நீட்டிகிட்டு ஜாலியா உறிஞ்சிட்டு இருக்குதுங்க. ஓரத்துல ஒரு குட்டி மட்டி, கடுகு விட கொஞ்சம் பெருசு இருக்கும், அதுவும் விடாம இழுக்குது. எனக்கு ஒரு பக்கம் பாவமா கூட இருந்துச்சு, பைப்ல இருக்கற வடிகட்டி, அதான் ஸ்ட்ரெய்னர், அத கழட்டி கழுவுற நாள நெனச்சதும் அந்த பாவம் போயிடுச்சு.

மருந்து ஓட்டுறது சில மணி நேரம்தான், வாரக்கணக்குல கெடையாது. ஆனா ரிசல்ட் அன்னிக்கே தெரியாது, மேனேஜர் மறுநாள் வந்து எங்க ஒண்ணும் சாகலன்னு கேப்பாரு, பொறுமையா இருங்க சார்னு சொல்லணும். கொஞ்சம் கொஞ்சமா ஓடு பொளந்து, தொட்டா மூடாம, அப்புறம் பிடி விட்டு கழண்டு வரும். அந்த நேரத்துல நாத்தம் தாங்காது, காலி ஓடு எல்லாம் வந்து ஸ்ட்ரெய்னர்ல சேரும், ஆளுங்கள ரெடியா வெச்சுக்கோங்க. எதை போட்டு கொன்னாலும் இதே கதைதான், மருந்து மேல குத்தம் சொல்ல முடியாது. தண்ணி ரொம்ப சில்லுன்னு இருந்தா மட்டி உறிஞ்சறதே கம்மி, அதனால நடு குளிர்காலத்துல போட்டு காச வேஸ்ட் பண்ணாதீங்க.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது வேற ஒண்ணு. வட அமெரிக்காவுல நன்னீர் மட்டி மட்டும் கிட்டத்தட்ட 300 வகை இருக்கு, பாதிக்கு மேல அழியற நெலம, ஜீப்ரா மட்டி அதுங்க முதுகு மேலயே ஏறி ஒட்டி பட்டினி போட்டு கொன்னுடும். மல்லாய் டீம் உள்ளூர் மட்டி ஆறு வகை, கடல் நீல மட்டி, சில மீனுன்னு டெஸ்ட் பண்ணப்ப இந்த பாக்டீரியாவால அதுங்க சாகல. மத்த மருந்துன்னா, பொட்டாஷ் போட்டா உள்ளூர் மட்டியும் சேர்ந்து காலி, செம்பு போட்டா நத்தை மீனுக்கும் அடி.

சரி அப்ப ஏரிக்கு ஏன் 2 மார்க்? அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பான இபிஏ 2014லயே திறந்த தண்ணிக்கும் அனுமதி குடுத்துடுச்சு, சட்டப்படி ஒண்ணும் தடையில்ல, லோக்கல் பர்மிட் வாங்கணும் அவ்ளோதான். ஆனா ஏரிக்கு கதவு கெடையாது. அதே வருஷம் மின்னசோட்டாவுல கிறிஸ்துமஸ் லேக்ல மட்டி இருக்குன்னு தெரிஞ்சதும் போட் எறக்குற எடத்த சுத்தி திரை கட்டி இத போட்டாங்க, அப்புறம் செம்பு மருந்து, அப்புறம் பொட்டாஷ்னு எல்லாம் போட்டாங்க. அடுத்த வருஷம் திரைக்கு வெளிய மட்டி கெடச்சுது. மருந்து பட்ட எடத்துல சாகுது, படாத எடத்துல ஜம்முனு இருக்கு, முழு ஏரிக்கும் போடலாம்னா விலை கட்டுப்படியாகாது. அது போக இவ்ளோ பொடி தண்ணில கரைஞ்சா அது மக்குறப்போ ஆக்சிஜன் எறங்கும், ட்ரவுட், ஸ்டர்ஜன் மாதிரி மீனுங்க ரொம்ப நேரம் அதுல மாட்டுனா சாகறதும் அப்புறம் செஞ்ச டெஸ்ட்ல தெரிஞ்சுது. ஒரே ஒரு தடவ மொத்தமா ஒழிச்சாகணும்னா வர்ஜீனியாவுல மில்புரூக் குவாரில 2006ல பண்ண மாதிரி 1,74,000 கேலன் பொட்டாஷ் கரைசல்தான் வழி, அது ஆறு எதுவும் ஓடாத மூடின குவாரி அதனால முடிஞ்சுது.

அப்புறம் வாட்ஸ்அப்ல ஊர்லருந்து ஒரு மச்சான் கேட்டான், எண்ணூர் பழவேற்காடு பக்கம் காக்கா ஆழிங்கற மட்டி பரவி எறால் பாடு கெட்டு கெடக்கே, உரக்கடை சூடோமோனாஸ மூட்டையா வாங்கி கொட்டலாமாடான்னு. வேணாம்டா. மொதல்ல ரகம் வேற. ரெண்டாவது, காக்கா ஆழி தென் அமெரிக்கா பக்கத்துலருந்து வந்த உப்புத்தண்ணி மட்டி, ஜீப்ரா மட்டிக்கு சொந்தமே இல்ல, நீல மட்டி குடும்பம், அந்த நீல மட்டிய சிஎல்145ஏவே ஒண்ணும் பண்ணலன்னு மேலயே சொன்னேன்ல. அந்த மூட்டைய நெல்லுக்கு போடு, குலைநோய்க்காவது கேக்கும்.