ஐகான் மாற்றத் தனி மென்பொருள் வாங்காதீர்கள்

அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. வீட்டில் விண்டோஸ், மேக், உபுண்டு என்று மூன்று கணினிகள். எதில் உட்கார்ந்தாலும் வீடியோ கால் ஆப் எது, பிரவுசர் எது என்று தடுமாறுவார். எல்லாமே நீலமாக, வட்டமாகத்தான் தெரிகிறது என்பார். மூன்றிலும் பளிச்சென்ற மஞ்சளில் பெரிய தொலைபேசிப் படம் வைத்துவிடலாம் என்று வழி தேடியபோது ஒரு மென்பொருள் கண்ணில் பட்டது. எந்த ஓஎஸ் (கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) ஆனாலும் ஒரே கிளிக்கில் ஐகான் மாறிவிடும் என்று விளம்பரம். ஓராண்டுச் சந்தா கட்டி இறக்கினேன். நிறுவும்போதே அட்மின் பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்துவிட்டேன்.

விண்டோஸில் அது ஆப்பைத் திறக்க உதவும் ஷார்ட்கட்டைத் தொடவே இல்லை. ஆப்பை ஓட்டும் மூல நிரலான எக்ஸ்இ (.exe) கோப்பைத் திறந்து, உள்ளே பொதிந்திருக்கும் ஐகானையே மாற்றி எழுதிவிட்டது. அப்படிச் செய்தால் கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டத் தயாரிப்பாளர் போட்ட டிஜிட்டல் கையொப்பம் செல்லாமல் போகும். மறுநாள் ஆன்டிவைரஸ் அந்த ஆப்பைப் பிடித்து அடைத்துவிட்டது. மேக்கிலும் இதே வேலைதான். ஆப்புக்குள் இருக்கும் ஐசிஎன்எஸ் (.icns) என்ற ஐகான் கோப்பை மாற்றியதில் கையொப்பம் முறிந்து, ஆப் பழுதாகிவிட்டது, திறக்க முடியாது என்று அறிவிப்பு வந்தது. அம்மா மருத்துவரோடு பேச வேண்டிய நேரம் அது. கையைப் பிசைந்துகொண்டு அவர் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. உபுண்டுவில் பெரிய சேதமில்லை. அடுத்த அப்டேட்டில் பழைய ஐகானே திரும்பிவிட்டது.

அவர்கள் கொடுத்த ஐகான்களும் போலி. சாதாரண பிஎன்ஜி படத்துக்கு, விண்டோஸின் ஐகான் கோப்பு வகையான ஐகோ (.ico) என்று பெயர் மட்டும் மாற்றியிருந்தார்கள். ஒழுங்கான ஐகோ கோப்பில் 16, 32, 48, 256 பிக்சல் என்று பல அளவுகள் சேர்ந்தே இருக்கும். இடத்துக்கேற்ற அளவை விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். பெரிய படம் ஒன்றை மட்டும் வைத்துச் சுருக்கினால் டாஸ்க்பாரில் கலங்கித்தான் தெரியும். கண் மங்கியவருக்கு அதனால் என்ன பயன்?

பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று முறை எழுதினேன். ஆப்பை மறுபடி நிறுவிக்கொள்ளுங்கள் என்ற ஒரே பதில் மூன்று முறை வந்தது. மென்பொருளை நீக்கிய பிறகும் அதன் துணை நிரல் ஒன்று கணினி தொடங்கும்போதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பிரவுசரின் தேடல் பக்கமும் மாறியிருந்தது.

இத்தனைக்கும் இந்த வசதி மூன்று ஓஎஸ்ஸிலும் இலவசமாகவே இருக்கிறது. விண்டோஸில் ஷார்ட்கட் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், சேஞ்ச் ஐகான். டாஸ்க்பாரில் பின் செய்தது (நிலையாகப் பொருத்தி வைத்தது) தனி ஷார்ட்கட் என்பதால் அதை எடுத்துவிட்டு, ஐகான் மாற்றிய ஷார்ட்கட்டை மறுபடி பின் செய்யுங்கள். மேக்கில் படத்தை ப்ரிவியூவில் திறந்து காப்பி செய்து, ஆப்பைத் தேர்ந்து கமாண்ட்-ஐ அழுத்தி, மேல் இடது மூலையில் இருக்கும் சின்ன ஐகானைக் கிளிக் செய்து பேஸ்ட் செய்தால் போதும். அதே இடத்தில் டெலீட் அழுத்தினால் பழையது வந்துவிடும். சஃபாரி போல மேக்கோடு சேர்ந்து வருபவற்றை இப்படி மாற்ற முடியாது. அவை பூட்டிய சிஸ்டம் பகுதியில் இருக்கின்றன.

உபுண்டு போன்ற லினக்ஸில், ஆப்பின் பெயரையும் ஐகானையும் குறித்துவைக்கும் டெஸ்க்டாப் (.desktop) கோப்பு ஒன்று உண்டு. சிஸ்டம் ஃபோல்டரில் இருக்கும் அந்தக் கோப்பைத் திருத்தாதீர்கள், அப்டேட் உங்கள் மாற்றத்தை அழித்துவிடும். உங்கள் ஹோமுக்குள், புள்ளியில் தொடங்கும் லோக்கல் ஃபோல்டரில் ஷேர், அதற்குள் அப்ளிகேஷன்ஸ் (~/.local/share/applications). அங்கே அதே பெயரில் ஒரு நகல் வைத்து, ஐகான் என்ற வரியில் மட்டும் உங்கள் படத்தின் முழுப் பாதையை எழுதுங்கள். கோப்பின் பெயரை மாற்றினால், வேலண்டில் (லினக்ஸில் திரையில் ஜன்னல்களைக் காட்டும் அமைப்பு) ஓடும் ஜன்னலுக்குப் புது ஐகான் வராமல் போகலாம்.

ஐகான் தொகுப்பு என்று இறக்கியது எக்ஸ்இயாக இருந்தால் திறக்கவே வேண்டாம். விண்டோஸ் வழக்கமாகக் கோப்புப் பெயரின் கடைசியில் வகையைச் சொல்லும் பின்னொட்டை (.exe போல) மறைத்துவைக்கும்; முதலில் அதைத் தெரியும்படி வையுங்கள்.

ஏற்கெனவே இப்படி ஒன்றை நிறுவியிருந்தால் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பார்த்து அதன் நிரலை நிறுத்துங்கள். அது தொட்ட ஆப்களை நீக்கி, தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே மறுபடி நிறுவுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். சந்தா தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை இன்றே ரத்து செய்யுங்கள். நான் அதைக் கவனிப்பதற்குள் இரண்டாவது முறையும் பணம் போய்விட்டது.