டீலர் ஒர்க்‌ஷாப், சிறிய சர்வீஸ் மையம், தெருமுனை மெக்கானிக்: வாரண்டி உள்ள பைக்கை யாரிடம் விடுவது?

புதிய மோட்டார் சைக்கிள் வாங்குபவர்கள் விலையையும் மைலேஜையும் பல நாள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வாங்கியபின் அந்த வண்டியை எங்கே பராமரிக்கப் போகிறோம் என்பதைப் பெரும்பாலும் யோசிப்பதில்லை. தமிழ்நாட்டின் நடுத்தர ஊர்களில் இதற்கு மூன்று வழிகள் உண்டு: வண்டியை விற்ற டீலரின் பெரிய ஒர்க்‌ஷாப், அதே நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற, ஷோரூம் இல்லாத சிறிய சர்வீஸ் மையம், தெருமுனையில் இருக்கும் மெக்கானிக் கடை. எங்கள் வீட்டு வண்டிகள் இந்த மூன்று இடங்களுக்கும் போய் வந்திருக்கின்றன. வாரண்டி இருக்கும்வரை சிறிய மையமே மேல் என்பதும், முடிந்தபின் வேலையின் தன்மையைப் பார்த்து மையத்துக்கும் மெக்கானிக்குக்கும் பிரித்துக் கொடுப்பதே சரி என்பதும் என் கருத்து.

முதலில் வாரண்டியைப் பார்க்கலாம். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது ஆண்டுக்கணக்கு. ஹீரோ மோட்டார் சைக்கிள்களுக்கு 5 ஆண்டுகள் அல்லது 70,000 கி.மீ. என்றும், ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350 வண்டிக்கு 3 ஆண்டுகள் அல்லது 30,000 கி.மீ. என்றும் சொல்கிறார்கள். ஹோண்டா 2023இல் 10 ஆண்டுகள் வரை நீட்டித்துக்கொள்ளும் திட்டத்தை அறிவித்தது. யமஹா 2025 தொடக்கத்தில், வழக்கமான 2 ஆண்டுகளோடு மேலும் 8 ஆண்டுகள் சேர்த்து மொத்தம் 10 ஆண்டுகள் என்று அறிவித்தது. இந்த எண்களை அப்படியே வைத்து ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஆண்டு, கிலோமீட்டர் இரண்டில் எது முந்துகிறதோ அதோடு வாரண்டி முடிகிறது. ஆகவே நாளுக்கு 100 கி.மீ. ஓட்டும் ஒருவருக்கு 70,000 கி.மீ. என்பது இரண்டு ஆண்டுகளில் தீர்ந்துபோகும். கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் வண்டியை எடுக்கும் பெரியவருக்கோ ஆண்டுக்கணக்குதான் பொருட்டு. மேலும், யமஹா திட்டத்தில் நீட்டித்த ஆண்டுகளில் காப்பு கிடைப்பது முக்கியமாக இன்ஜின் பாகங்களுக்கும் எரிபொருள் செலுத்தும் அமைப்புக்கும்தான். வண்டி முழுவதற்கும் அன்று.

கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, செயின் ஸ்ப்ராக்கெட், ஏர் ஃபில்டர், கேபிள்கள், பல்புகள் போன்ற தேய்மானப் பொருள்கள் எந்த நிறுவனத்திலும் பொதுவாக வாரண்டிக்குள் வருவதில்லை. டயருக்கும் பேட்டரிக்கும் அவற்றைத் தயாரித்தவர்களே பொறுப்பு. இலவச சர்வீஸ் என்பதில் இலவசம் வேலைக்கூலி மட்டுமே. ஆயிலுக்கும் பாகங்களுக்கும் பணம் கட்ட வேண்டும். இவை எல்லாம் கையேட்டில் அச்சிட்டே இருப்பதால் இவற்றைக் குறை சொல்ல முடியாது. உண்மையான சிக்கல் வேறு ஒரு நிபந்தனையில் இருக்கிறது: ஒவ்வொரு சர்வீஸும் குறித்த கிலோமீட்டருக்குள் அல்லது குறித்த நாள்களுக்குள் அங்கீகாரம் பெற்ற இடத்தில் நடந்திருக்க வேண்டும். குறைவாக ஓட்டுபவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள். கிலோமீட்டர் இன்னும் ஆகவில்லையே என்று காத்திருக்கும்போது நாள்கெடு கடந்துவிடுகிறது.

இனி இடங்களை ஒப்பிடலாம். டீலரின் பெரிய ஒர்க்‌ஷாப்பில் கருவிகளுக்குக் குறைவில்லை. எலக்ட்ரானிக் கோளாறைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இருக்கும், பாகங்கள் இருப்பில் இருக்கும், நிறுவனப் பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள். ஆனால் வண்டியைத் தொடும் மெக்கானிக்கை வாடிக்கையாளர் சந்திப்பதே இல்லை. சர்வீஸ் அட்வைசரிடம் சொன்ன குறை, வேலை விவரத்தை எழுதும் ஜாப் கார்டில் "ஜெனரல் செக்கப்" என்ற ஒற்றை வரியாகச் சுருங்கி உள்ளே போகிறது. என் தம்பியின் வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் இன்ஜின் பக்கத்திலிருந்து டைமிங் செயின் சத்தம் வரும். வண்டி வாரண்டியில்தான் இருந்தது. விற்ற டீலரிடம் கொண்டுபோன ஒவ்வொரு முறையும் "இந்த மாடலுக்கு இந்தச் சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்றார்கள். அதை எழுத்தில் தரச் சொன்னபோது தரவில்லை. அதே வருகைகளில், கேட்காத இன்ஜெக்டர் கிளீனரும் மேல்பூச்சும் பில்லில் ஏறியிருந்தன.

இதை ஒரு டீலரின் குணக்கேடு என்று மட்டும் பார்ப்பது போதாது. இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வாரண்டியில் ஒரு பாகத்தை மாற்றினால் டீலர் அதை நிறுவனத்திடம் கோரிப் பெற வேண்டும். பழைய பாகத்தைச் சீட்டுக் கட்டி ஆய்வுக்காக வைத்திருக்க வேண்டும். நிறுவனம் மறுத்துவிட்டால் செலவு டீலரின் தலையில் விழும். வாடிக்கையாளர் பணம் கட்டிச் செய்யும் வேலையில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஷோரூம் வாடகையும் மாத இலக்கும் அழுத்தும் இடத்தில், மேல்பூச்சு விற்பதற்கு இருக்கும் ஆர்வம், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை மாற்றுவதற்கு இல்லாமல் போவது வியப்பில்லை. வாங்கியவர் மீது இது சுமத்தும் அலைச்சலோ சிறிதன்று. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்கும் மனிதரை "இது நார்மல்தான்" என்று திருப்பி அனுப்புவதை நான் சிறிய தவறாகக் கருதவில்லை.

தம்பி பிறகு அதே நிறுவனத்தின் சிறிய சர்வீஸ் மையத்துக்குப் போனார். வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும், அங்கீகாரம் பெற்ற எந்த மையத்திலும் வாரண்டி கேட்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அங்கே முதலாளியே முன்னால் நின்று குறையைக் கேட்டார். முதல் நாள் மாலையே வண்டியை விடச் சொல்லி, மறுநாள் காலையில், இன்ஜின் சூடாகும் முன்பு, தானே ஸ்டார்ட் செய்து கேட்டார். சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து கோரிக்கையோடு அனுப்பினார். டென்ஷனர் வாரண்டியிலேயே மாற்றப்பட்டது. பாகம் வருவதற்குத் தாமதமானது உண்மை. சிறிய மையங்களின் பெருங்குறையே இருப்பில் பாகங்கள் குறைவு என்பதுதான். விபத்தில் அடிபட்ட வண்டிக்கும், சேஸிஸ் சார்ந்த பெரிய வேலைக்கும் டீலரின் ஒர்க்‌ஷாப்பை விட்டால் வழியில்லை. ஆனாலும் வழக்கமான சர்வீஸுக்கும் வாரண்டிக் கோரிக்கைக்கும், வேலை செய்பவரின் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிற இடமே மேல் என்று உறுதியாகச் சொல்வேன்.

மூன்றாவது, மெக்கானிக் கடை. நல்ல மெக்கானிக் ஒருவர் வண்டியின் சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவார், கூலியும் குறைவு, மாற்றிய பழைய பாகத்தைக் கையிலேயே கொடுத்துவிடுவார். இங்கே கவனிக்க வேண்டியவை ஆயிலும் பாகமும். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச், இன்ஜின் ஆயிலிலேயே மூழ்கி ஓடுவதால் ஜாசோ எம்ஏ தரக்குறி உள்ள ஆயில் வேண்டும். காருக்கான ஆயிலை ஊற்றினால் கிளட்ச் நழுவத் தொடங்கலாம். 2,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்லும் பழைய வழக்கமும் இன்றைய எல்லா வண்டிகளுக்கும் பொருந்தாது. ஹன்டர் 350 போன்றவற்றுக்குக் கையேடே 10,000 கி.மீ. வரை அனுமதிக்கிறது; டிரையம்ஃப் ஸ்பீட் 400க்கு முதல் சர்வீஸ் முடிந்தபின் 16,000 கி.மீ. அல்லது ஓராண்டு. மேலும், 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்தபின் பெரும்பாலான சாதாரண வண்டிகளிலும் கார்புரேட்டர் போய் சென்சார்களும் ஃபியூயல் பம்பும் வந்துவிட்டன. ஸ்கேனர் இல்லாத கடையில் இந்தக் கோளாறுகளை ஊகத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது.

வாரண்டிக் காலத்தில் வெளியே ஒருமுறை ஆயில் மாற்றினால் முழு வாரண்டியும் போய்விடுமா என்ற கேள்விக்கு, டீலர்கள் சட்டென்று "போய்விடும்" என்பார்கள். கார் நிறுவனங்கள் 14இன் மீது 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் பிறப்பித்த உத்தரவு இதில் படிக்கத் தகுந்தது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்பதற்காக மட்டும் வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும், தவறான வெளிவேலையால் ஏற்பட்ட சேதத்தின் அளவுக்கே மறுக்கலாம் என்றும் அது சொன்னது. அந்த வழக்கு கார்களைப் பற்றியது, மேல்முறையீடுகளுக்கும் போனது. ஆகையால் பைக் டீலரிடம் அதை நீட்டி உடனே வென்றுவிட முடியாது. ஆனாலும் நியாயம் எந்தப் பக்கம் என்பது அதில் தெளிவாக இருக்கிறது. நடைமுறையில், வாரண்டி முடியும்வரை சர்வீஸ் கெடுக்களைத் தவறவிடாமல் அங்கீகாரம் பெற்ற மையத்தில் செய்து, ஜாப் கார்டையும் பில்லையும் சேர்த்து வைப்பதே பாதுகாப்பு.

ஜாப் கார்டில் குறையை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். கையெழுத்திடும் முன் படியுங்கள். வாரண்டியில் சரிசெய்ய மறுத்தால், நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். பில் தராமல் இருப்பதையே இந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது.

நீட்டித்த வாரண்டியை வாங்கலாமா என்பது ஓட்டும் அளவைப் பொறுத்தது. அதன் விலையோடு, அத்தனை ஆண்டுகளும் அங்கீகாரம் பெற்ற மையத்திலேயே பணம் கட்டிச் சர்வீஸ் செய்ய வேண்டியதன் கூடுதல் செலவையும் சேர்த்துப் பாருங்கள். தொலைவு அதிகம் ஓட்டுபவருக்கும், விலை உயர்ந்த இன்ஜின் உள்ள வண்டி வைத்திருப்பவருக்கும் அது பயன்படும். 100 சிசி வண்டியில் ஊருக்குள் மட்டும் போய்வருபவர் அந்தப் பணத்தைக் கையில் வைத்திருப்பதே நல்லது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று டீலர்கள் விற்பது வேறு. அதில் அடங்குவது வழக்கமான சர்வீஸ்கூலி, வாட்டர் வாஷ் போன்றவை. கவுன்டரில் இரண்டையும் ஒன்றாகப் பேசுவார்கள். தனித்தனியாக விலை கேளுங்கள்.

வாரண்டி முடிந்த எங்கள் வீட்டு வண்டியில் ஆயில், பிரேக், செயின், கிளட்ச், கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்) ஆகிய வேலைகள் இப்போது மெக்கானிக்கிடம் நடக்கின்றன. பாகங்களை நிறுவனத்தின் உதிரிபாகக் கவுன்டரில் நாங்களே பில் போட்டு வாங்கிக் கொடுக்கிறோம். ஏபிஎஸ் விளக்கோ இன்ஜின் விளக்கோ எரிந்தால் மட்டும் வண்டி சிறிய சர்வீஸ் மையத்துக்குப் போகும். ஸ்கேன் செய்து காட்டிய கோளாறு எண்ணைப் பில்லிலேயே எழுதி வாங்கிவிடுகிறோம்.