செக், பர்மியம்: இரண்டோடும் பல வருடம் பழகியதில் தெரிந்தது

மியான்மரின் யங்கோனில் வேலை பார்த்த காலத்தில் பர்மியம் பழகினேன். அப்புறம் செக் குடியரசின் ப்ர்னோ நகரத்துக்கு மாற்றல் வந்தது. இப்போது அன்றாடப் புழக்கம் செக்கில். பர்மியம் விட்டுப்போகவில்லை. பழைய நண்பர்களோடு போனில் பேசுவதும் அங்கத்திய செய்தி படிப்பதும் அதில்தான். இரண்டும் தெரியும் என்று சொன்னால் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எது கஷ்டம்? செக்கில் ரோமன் எழுத்து, அதனால் சுலபம். பர்மியத்தில் வட்ட வட்டமான எழுத்து, போதாததற்குத் தொனி வேறு, அதனால் கஷ்டம் என்று பதிலையும் பலர் கையோடு வைத்திருக்கிறார்கள். தமிழில் யோசிக்கிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. பர்மியத்தில் சீக்கிரம் பேச வந்துவிடும், சரளமாகப் படிக்கத்தான் வருடக்கணக்காகும். செக்கில் முதல் வாரமே எதையும் வாய்விட்டு வாசிக்கலாம், பிழையில்லாமல் நாலு வாக்கியம் பேசத்தான் வருடங்கள் பிடிக்கும்.

பர்மிய வாக்கியம் நம் வாக்கியம் போகும் வழியிலேயே போகிறது. வினை கடைசியில் வரும். உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும்: யங்கோனில் என்றால் யங்கோன்-மா, யங்கோனுக்கு என்றால் யங்கோன்-கோ, யங்கோனிலிருந்து என்றால் யங்கோன்-க. ஊர்ப்பெயர் அசையவே அசையாது. 'போ' என்பதற்கு த்வா. த்வா-டெ என்றால் போகிறேன் அல்லது போனேன், த்வா-மெ, போவேன், த்வா-பி, போயாச்சு, ம-த்வா-பூ, போகவில்லை. நான், நீ, அவள், அவர்கள் என யாராக இருந்தாலும் வினை அதேதான். கேள்வியாக்க நாம் 'ஆ' சேர்ப்பதுபோல அவர்கள் கடைசியில் 'லா' சேர்ப்பார்கள். அதற்கு முன்னால் 'மெ' மட்டும் 'ம' ஆகும். த்வா-ம-லா? போவீங்களா? இவ்வளவையும் ஒரே மாலையில் புரிந்துகொள்ளலாம். ஆங்கிலம் வழியாகப் படித்த சக ஊழியர்கள் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுத் திணறிய இடத்தில், தமிழ் தெரிந்தவருக்குத் திருப்பவே வேண்டியிருக்கவில்லை.

மரியாதையும் பழகிய மாதிரிதான். முன்பின் தெரியாத ஆளையும் வயதைப் பார்த்து அகோ (அண்ணா), அமா (அக்கா), ஊலே (மாமா) என்று கூப்பிடலாம். யங்கோன் தேநீர்க் கடைகளில் முதல் பாடமே நடந்துவிடும். 'லபெயே ந-க்வெ' என்றால் டீ இரண்டு கோப்பை. முதலில் பொருள், அடுத்து எண், கடைசியில் அதை எண்ணும் சொல். கோப்பைக்கு க்வெ, மனிதருக்கு யௌ, விலங்குக்கு கௌன் என்று எண்ணும் சொல் மாறும். இனிப்பும் பாலும் தூக்கலாக வேண்டுமானால் சோசெய்ன், டிகாக்ஷன் தூக்கலாக வேண்டுமானால் ஜசெய்ன். சரியாகச் சொன்னால் சரியான டீ வரும். இதைவிட நேர்மையான தேர்வு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் காதும் நாக்கும் இங்கேதான் படாதபாடு படும். கடிதம், சாப்பிடு, உப்பு ஆகிய மூன்றையும் தமிழில் எழுதினால் ஒரே 'சா'தான். பர்மியத்தில் கடிதம் தாழ்ந்த தொனியில் சா, சாப்பிடுவது உயர்ந்த தொனியில் சா, உப்பு அதே உயர்ந்த தொனியில் மூச்சுக்காற்று கலந்த சா. தொனியைவிட எனக்கு அந்த மூச்சுக்காற்றுதான் அதிகம் பாடுபடுத்தியது. ஒரே 'க' எழுத்தை வைத்துக்கொண்டு இடத்துக்குத் தக்கபடி ஒலிக்கிறவர்கள் நாம். அங்கே காற்று சேர்ந்தது, சேராதது, அதிர்வது என மூன்றும் மூன்று தனிச் சொற்களைத் தரும். இந்தி நன்றாகத் தெரிந்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் நம்மை முந்திவிடுவார்கள்.

படிப்பது அடுத்த மலை. பிராமி வழி வந்த எழுத்து என்பதால் உயிர்க்குறி மெய்யைச் சுற்றி உட்காரும் விதம் நமக்கு உடனே புரியும். ஆனால் எழுத்துக்கூட்டல் பழைய உச்சரிப்பை அப்படியே சுமக்கிறது. ரகரத்தில் எழுதுவார்கள், யகரமாகப் படிப்பார்கள். ரங்கூன் யங்கோன் ஆன கதையும் அதுதான். பாலியிலிருந்து வந்த சகரம் பல் இடுக்கில் 'த' போல ஒலிக்கும், சுகம் துகா ஆகிவிடும். ரயிலுக்குச் சொல்லும் யதா நம் ரதம்தான் என்று பிடிபட்டபோது கிடைத்த சந்தோஷம் இன்னும் போகவில்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது. எல்லாவற்றுக்கும் மேல் எழுத்து நடை, பேச்சு நடை என்று இரண்டு. பேச்சில் 'டெ' என்று முடிவது செய்தித்தாளில் 'தி' என்று முடியும், உருபுகளும் மாறும். இரட்டை வழக்கில் வளர்ந்த தமிழருக்கு இது அதிர்ச்சி தராது, ஆனாலும் தனியாக உட்கார்ந்து படித்தே ஆகவேண்டும்.

கணினியில் வேறொரு தொல்லை இருந்தது. ஜாஜி என்ற எழுத்துருவும் யூனிகோடும் ஒரே குறியீடுகளை வேறு வேறு எழுத்துக்குப் பயன்படுத்தின. 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது. பழைய பதிவுகள் இப்போதும் சிதைந்துதான் தெரிகின்றன. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வந்த கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

செக்கில் எழுத்து ஒரு வாய்க்கால்கூட இல்லை, ஒரே தாண்டு. யான் ஹுஸ் எழுதியதாகச் சொல்லப்படும் 15ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று, ரோமன் எழுத்தின் தலையில் குறி வைத்து ஒலியைக் காட்டும் முறையைத் தந்தது. இன்றும் பெரும்பாலும் எழுதியபடியே படிக்கலாம். குறில் நெடில் வேறுபாடு உண்டு: பிட் என்றால் குடியிருக்கும் வீடு, பீட் என்றால் இருத்தல். நமக்கு இது தாய்ப்பால். உயிரெழுத்தே இல்லாமல் ப்ர்ஸ்ட் (விரல்), வ்ல்க் (ஓநாய்) என்று வரும் சொற்களும் கொஞ்ச நாளில் பழகிவிடும். த்வொர்ஷாக் என்ற இசையமைப்பாளர் பெயரின் நடுவில் இருக்கும் ஒலி மட்டும் விதிவிலக்கு. ரகரத்துக்கு நாக்கு அதிரும்போதே உரசலும் சேர்ந்து வரவேண்டும். செக் குழந்தைகளுக்கே அது கடைசியில்தான் வரும்.

கஷ்டம் சொல்லின் வாலில் இருக்கிறது. ஏழு வேற்றுமை என்றதும் நமக்கு எட்டு இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் தமிழில் ஓர் உருபைக் கற்றால் எல்லாப் பெயருக்கும் செல்லும். செக்கில் ஆண்பால், பெண்பால், அலிப்பால், அதற்குள் வாய்பாடு, ஒருமை பன்மை என எல்லாம் பார்த்துத்தான் வால் முளைக்கும். தலைநகர் ப்ராக்குக்கு அவர்கள் வைத்த பெயர் ப்ரஹா. ப்ரஹாவுக்கு என்றால் டோ ப்ரஹி. ப்ரஹாவில் என்றால் வ் ப்ரஸெ, ஊர்ப்பெயரின் மெய்யே மாறிவிட்டது.

ரொட்டிக் கடையில் நின்று பாருங்கள். நீளமான ரொட்டி ரொஹ்லீக். இரண்டு கேட்டால் ரொஹ்லீகி, ஐந்து கேட்டால் ரொஹ்லீகூ. பின்னல் ரொட்டி ஹௌஸ்கா. ஒன்று கேட்டால் ஹௌஸ்கு, இரண்டு என்றால் ஹௌஸ்கி, ஐந்து என்றால் ஹௌஸெக். 'இரண்டு' என்ற எண்ணே முதல் ரொட்டிக்கு த்வா, அடுத்ததற்கு த்வ்யெ. காலையில் பத்துப் பேர் வரிசையில் நிற்க, இதையெல்லாம் மனதில் கூட்டிப் பார்த்துக் கேட்கவேண்டும்.

வினையில் தமிழ் கைகொடுக்கும். ப்ஸாட், நப்ஸட் என பெரும்பாலான செயல்களுக்கு ஜோடி வினை. எழுதினேன், எழுதிவிட்டேன் என்ற வேறுபாட்டை வைத்துப் பார்த்தால் பாதிக்கு மேல் விளங்கிவிடும். விளிவேற்றுமையும் அப்படித்தான், கண்ணனைக் கண்ணா என்பதுபோல பெட்ரைப் பெட்ர்ஷெ என்று கூப்பிடுவார்கள். ஆங்கிலச் சொல்லை நம்பிப் பிழைக்க மட்டும் முடியாது. பர்மியத்தில் கார் கார்தான், பஸ் பஸ்கார். செக்கில் இசை ஹுட்பா, நாடக அரங்கு ஜிவட்லோ, நவம்பர் லிஸ்டொபட். ஊருக்கு ஊர் பேச்சும் மாறும். ப்ராக்கில் ட்ராம்வாய் என்பதை ப்ர்னோவில் ஷலினா என்பார்கள். பாடப்புத்தகத்தில் அது இருக்காது.

நெடுநாள் துணை என்று பார்த்தால் செக்குக்கு வசதி அதிகம். செக் மொழி நிறுவனத்தின் இணையக் கையேட்டில் எந்தச் சொல்லைப் போட்டாலும் எல்லா வேற்றுமை வடிவமும் அட்டவணையாக வரும். என் போனில் அது எப்போதும் திறந்தே இருக்கும். நிரந்தர வசிப்புரிமை கேட்பவர்களுக்கு 2021 செப்டம்பரிலிருந்து ஏ2 என்ற அடிப்படை நிலை மொழித் தேர்வு. வினைஜோடிகளைத் தொடக்கத்திலேயே சேர்த்துச் சேர்த்து மனப்பாடம் செய்பவருக்கு அது பயமில்லை. பர்மியத்துக்கு ஜான் ஓகெல் தந்த ஒலிப்பாடங்கள்தான் எனக்கு உதவின. புத்தகத்தை மூடிவைத்துக் காதால் மட்டும் முதலில் கேளுங்கள். எழுத்தை முதலில் பிடித்தால் கண் சொல்லும் உச்சரிப்பு வாயில் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. செக்கில் இதற்கு நேர்மாறாக, எழுத்தைப் பார்த்தபடியே கேளுங்கள். வால்கள் வேகப் பேச்சில் காதுக்கு எட்டாது, கண்ணுக்குத்தான் முதலில் பிடிபடும்.