ஜெர்மன் விசைப்பலகையோடு இரண்டரை வருடம்

ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கொடுத்த கடவுச்சொல்லை நான்கு முறை அடித்தும் கணினி திறக்கவில்லை. அதில் ஒரு ஒய் இருந்தது. ஜெர்மன் விசைப்பலகையில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரியும், தப்பு எங்கே என்று பிடிபடவே இல்லை. பக்கத்து மேசையில் இருந்தவர் எழுந்து வந்து அந்த விசையைத் தொட்டுக் காட்டினார். அது 2023 ஏப்ரல். இங்கே வேலைக்கு வரப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஜெர்மனில் இசட் அடிக்கடி வரும், ஒய் அபூர்வம். அதனால் இசட் நடுவில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, ஒய் கீழ் மூலைக்குப் போய்விட்டது. தட்டச்சில் இது இரண்டு வாரத்தில் பழகிவிட்டது. குறுக்குவழிகள் பழகத்தான் மாதக்கணக்கானது. செய்ததை ரத்து செய்ய இடது கை தானாகக் கீழ் மூலைக்குப் போகும். அங்கே இருப்பது ஒய், அதாவது ரத்து செய்ததைத் திரும்பக் கொண்டுவரும் கட்டளை. கன்ட்ரோல் விசையில் 'ஸ்டாய்ருங்' என்பதன் சுருக்கம், டெலீட் விசையில் 'என்ட்ஃபெர்னன்' என்பதன் சுருக்கம். @ வேண்டுமானால் வலப்பக்க ஆல்ட் ஜிஆரோடு கியூவை அழுத்த வேண்டும்.

என்னை உண்மையில் பயமுறுத்தியது எக்செல். என் வேலை கிடங்கு இருப்புக் கணக்கு. தசமத்துக்கு இங்கே காற்புள்ளி, ஆயிரத்தைப் பிரிக்கத்தான் புள்ளி. ஊர்ப் பழக்கத்தில் எடையை 2.5 என்று அடித்தேன். இங்கே தேதியையும் புள்ளி வைத்துத்தான் எழுதுவார்கள், அதனால் கட்டத்தில் மே 2 என்று தேதி விழுந்தது. எக்செல் தேதியை உள்ளே நாள் கணக்காகத்தான் வைத்திருக்கும், அதை எண்ணாக மாற்றினால் 45048 வந்து நிற்கிறது. இரண்டரை கிலோ சாமான் நாற்பத்தைந்தாயிரம் கிலோவாகிக் கூட்டுத்தொகையில் சேர்ந்ததை, அறிக்கை அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அன்று இரவு தூக்கமே இல்லை. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன்: வலப்பக்க எண் பலகையில் புள்ளி இருக்கும் இடத்தில் காற்புள்ளி விசையே இருக்கிறது. எண்கள் எல்லாவற்றையும் அங்கேயே அடித்தால் தப்பு வராது. மடிக்கணினியில் எண் பலகை இல்லையென்றால் தனி விசைப்பலகை கேட்டு வாங்கிவிடுங்கள், கூச்சப்பட வேண்டாம். சூத்திரங்களின் பெயரும் ஜெர்மன்தான். இஃப் என்பது வென், அட்டவணையில் தேடி எடுக்கும் வீலுக்கப் என்பது எஸ்ஃபெர்வைஸ். இடையில் காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி.

நடுவில் சில மாதம் கணினியில் அமெரிக்க விசைப்பலகை அமைப்பைச் சேர்த்து ஓட்டினேன். இது நல்ல யோசனை இல்லை என்பது என் அனுபவம். விசையில் ஒன்று அச்சாகியிருக்கும், திரையில் வேறொன்று வரும். கூட்ட அறைக் கணினிக்குப் போனால் மறுபடி முதல் நாள் நிலைமைதான். அதை நீக்கிவிட்டுத் தினமும் பத்து நிமிடம் ஜெர்மன் அமைப்பிலேயே பயிற்சி செய்தேன், அதுதான் பலித்தது.

இதில் நான் எதிர்பார்க்காத சந்தோஷம் ஒன்று உண்டு. விண்டோஸில் தமிழ் 99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பைச் சேர்த்தபோது, அதுவும் குழம்பியிருக்கும் என்றுதான் நினைத்தேன். அது விசையின் இடத்தைத்தான் பார்க்கிறது, மேலே அச்சாகியிருக்கும் எழுத்தை அல்ல. க, ப, ம, த எல்லாம் ஊரில் இருந்த இடத்திலேயே இருந்தன. தலைமேல் இரட்டைப் புள்ளி வைத்த ஓ விசையில் ந, அதற்கு அடுத்த இரட்டைப் புள்ளி ஏ விசையில் ய, இரட்டைப் புள்ளி யூ விசையில் ச. இடைக்கோடு விசையை அழுத்தினால் ழ. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன், ஒரு பிழை வரவில்லை. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைக்கும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் அடிப்பவர்களுக்கு இந்த வசதி கிடைக்குமா என்பது அவரவர் மென்பொருளைப் பொறுத்தது.

போன டிசம்பரில் ஊருக்குப் போனபோது தங்கையின் கணினியில் ஆங்கிலம் அடித்தேன். ஒய் வர வேண்டிய இடமெல்லாம் இசட். "என்னண்ணா இது?" என்றாள். தமிழுக்கு மாற்றி அவளுக்குப் பதில் எழுதிக் காட்டினேன், அதில் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.