காரைச் சுவரும் வெந்நீர்க் குழாயும்

பழைய செட்டிநாட்டு வீட்டில் வெந்நீர்க் குழாய் போட ஆள் பிடிப்பவர்கள், கூலியைப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: சுவரைக் கொத்துவாரா, மாட்டாரா?

கானாடுகாத்தான் வீட்டு மொட்டைமாடியில் இந்த முறை சோலார் ஹீட்டர் வைத்தோம். ஆத்தாவுக்கு முழங்கால் வலி. அடுப்பில் காய்ச்சிய வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியைக் கடக்க இனி முடியாது. முதலில் வந்த பிளம்பர் சுவரைப் பார்த்ததுமே கட்டிங் மெஷினை எடுத்தார். குழாயைப் புதைத்துச் சிமென்ட் பூசிவிட்டால் வெளியே தெரியாதாம். அது சுண்ணாம்புக் காரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு. அதில் சிமென்ட் ஒட்டுப் போட்டால் சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி, ஒட்டைச் சுற்றிக் காரை பொரிந்து உதிரும். அவரை அனுப்பிவிட்டோம்.

அடுத்தவர் காரைக்குடிக்காரர். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, "சுவரைத் தொட வேண்டாம் ஆச்சி, பின்கட்டு மூலையோடு இறக்கிவிடலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது.

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் வீட்டில், வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு 10 மில்லிமீட்டர் செம்புக் குழாய்தான் ஓடுகிறது. மெல்லிய குழாய் எளிதில் வளையும், மறைப்பதும் சுலபம். ஆனால் ரேடியேட்டர் வால்வுகள் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் குழாய்க்கானவை. சேருமிடத்தில் இரண்டு அளவுகளையும் இணைக்கும் ரெடியூசர் வைத்து, குழாயை ரேடியேட்டருக்குப் பின்னால் சுவரிலிருந்தே வெளியே எடுத்து, கண்ணில் படும் சாணளவுக்குக் குரோம் உறை மாட்டினால்தான் வேலை பார்வையாக இருக்கும். குழாய் வேலைக்காரரின் கைத்திறனை அந்தச் சாண் நீளத்தில்தான் நான் அளப்பேன். இங்கும் அதைத்தான் பார்த்தேன்.

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் குறைவு. 10 மீட்டர் உயரம் இருந்தால்தான் 1 பார் (அழுத்தத்தின் அலகு) கிடைக்கும். அதனால் இறங்குகுழாயை முக்கால் அங்குலத்தில் போட்டு, குளியலறைக்குப் பிரியும் இடத்தில் மட்டும் அரை அங்குலமாகக் குறைத்தார். முழுதும் முக்கால் அங்குலமாக இருந்தால் வெந்நீர் வருமுன் திறந்துவிட வேண்டிய, குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீரே ஒரு மீட்டர் நீளத்துக்குக் கால் லிட்டர் அளவுக்கு வரும். அரை அங்குலத்தில் அதில் பாதிதான். தண்ணீரின் அருமை தெரிந்த ஊரில் இது சின்ன விஷயமில்லை.

கிளாம்புகளையும் இறுக்கவில்லை. சி.பி.வி.சி. எனும் வெந்நீர் தாங்கும் பிளாஸ்டிக் குழாய் சூட்டில் நன்றாக நீளும்: 3 மீட்டர் நீளக் குழாயின் சூடு 40 டிகிரி கூடினால் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். இறுக்கிப் பிடித்தால் வில்லாக வளைந்து நிற்கும். குழாய் நழுவ இடம்விட்டு, தூக்குநூல் பிடித்து நேராக இறக்கினார். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. குழாய் சுவரில் நுழையும் இடத்துக்கு வட்டத் தகடு மாட்டினார், நாங்கள் கேட்காமலேயே.

கூலி முதலாமவர் சொன்னதைவிடக் கூடுதல். மறுபேச்சின்றிக் கொடுத்தோம். மாடியில் திறந்து கிடக்கும் குழாய்க்கு இன்சுலேஷன் உறை மட்டும் பாக்கி; வாங்கிவந்து சுற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்களும் அதை விட்டுவிடாதீர்கள். நேர்வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் சி.பி.வி.சி. நாளடைவில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும்; விடியற்காலைக் குளியலுக்குத் தண்ணீரின் சூடும் நிற்காது.