சென்னையில் 1 லட்சமா, தென்காசியில் 60 ஆயிரமா?

ஐடியில் இருக்கும் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இது இப்போது நிஜமான கேள்வி. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனியின் அலுவலகம் 2011-லேயே வந்துவிட்டது, தூத்துக்குடியில் மினி டைடல் பார்க் இருக்கிறது, வீட்டிலிருந்தே வேலை பார்க்க விடும் கம்பெனிகளும் உண்டு. 'ஊருக்குப் போய் என்ன செய்வே' என்று இனி ஒரேயடியாக வாயை அடைக்க முடியாது.

ஒரே அனுபவம் உள்ள ஆளுக்குச் சென்னையில் கைக்கு 1 லட்சம், தென்காசியில் 60,000 என்று வைத்துக்கொள்வோம். சோழிங்கநல்லூர் பக்கம் வாடகை, மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரி எல்லாம் போனாலும் மாதக் கடைசியில் மிஞ்சுவது சென்னையில்தான் அதிகம். வேலை போனாலும் அடுத்த தெருவிலேயே இன்னொரு கம்பெனி இருக்கும், மாறும்போது சம்பளமும் ஏறும். தென்காசியில் அந்த வசதி கிடையாது. பணத்தை மட்டும் பார்த்தால் சென்னைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அந்த மிச்சத்தை நம்பி முப்பது வயதுக்குள் ஒரு அபார்ட்மெண்ட் வாங்கிவிடுகிறோமே, அங்கேதான் கணக்கு தலைகீழாகிறது. 50 லட்சம் கடன், 8.5% வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 43,400, முடிக்கும்போது கட்டியிருப்பது 1 கோடியே 4 லட்சம். 1 லட்சம் வாங்குபவர் கையில் நிற்பது 56,600. ஊரில் இருப்பவரின் 60,000-ஐவிட அது குறைவு. வீடு சொத்துதான், மறுக்கவில்லை, ஆனால் மேனேஜர் ராத்திரி பத்து மணிக்குக் கால் போட்டால் 'முடியாது' என்று சொல்லும் தைரியத்தையும் அந்தத் தவணை சேர்த்தே பிடித்துக்கொள்கிறது.

அப்புறம் வாழ்க்கை. ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் விடியற்காலையில் குற்றாலம் ஐந்தருவியில் குளித்து, ஈரத்தலையோடு வரும் வழியில் சூடாக இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறக்கலாம். ஜூலை, ஆகஸ்டில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் போனால் வயலெல்லாம் சூரியகாந்தி. சென்னையிலிருந்து இதற்கு வர வேண்டுமென்றால் 60 நாள் முன்னால் பொதிகை ரயிலில் டிக்கெட் போட்டு, போக ஒரு ராத்திரி, வர ஒரு ராத்திரி, நடுவில் இரண்டு பகல், அதில் ஒன்று கல்யாண வீட்டிலேயே போய்விடும். எனக்கு அருவியைவிடப் பெரிதாகப் படுவது, அப்பா பிரஷர் மாத்திரை போட்டாரா என்று போனில் கேட்காமல் நேரில் பார்க்க முடிவதுதான். சென்னையிலும் பெசன்ட் நகர் கடற்கரை இருக்கிறது, மார்கழிக் கச்சேரி இருக்கிறது. ஓஎம்ஆரில் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் சிக்னலில் நின்றுவிட்டு வருபவர் எத்தனை முறை அங்கே போகிறார்?

தென்காசிக்கும் குறை உண்டு. தனி மாவட்டமாகி 2019-லிருந்து வருஷங்கள் ஓடிவிட்டன, இருந்தாலும் பெரிய சிகிச்சை என்றால் இன்றைக்கும் 55 கிலோமீட்டர் தாண்டித் திருநெல்வேலிக்குத்தான் ஓட வேண்டும். வயதான பெற்றோரோடு இருப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வேலையில் சேர்ந்த புதிதில் ஏழெட்டு வருஷம் சென்னை, ஆனால் வீட்டுக்கடன் மட்டும் வேண்டாம் என்பேன். தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள், வாடகை வீட்டிலேயே இருங்கள், மிஞ்சுவதை மாதாமாதம் எஸ்ஐபியிலோ (மியூச்சுவல் ஃபண்டில் மாதச் சேமிப்பு) பிபிஎஃப்பிலோ (அரசின் நீண்டகாலச் சேமிப்புக் கணக்கு) போடுங்கள், ஒரு வருஷச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். ஊரில் வேலை கிடைத்தால் கிளம்புவதற்கு இது போதும். பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேருவதற்குள் முடிவெடுத்தால் நல்லது, பள்ளி, நண்பர்கள் என்று அதற்கும் வேர் பிடித்துவிட்டால் யாரும் நகர மாட்டீர்கள்.

மனைவிக்கும் சென்னையில் நல்ல வேலை இருந்தால் 60,000 கணக்கு அப்படியே பொருந்தாது. அவர் வேலையை விட்டால்தான் ஊருக்குப் போக முடியும் என்றால் போகாதீர்கள். இருவருக்கும் வேலை அமையும்வரை காத்திருங்கள், அல்லது அவருக்கு முதலில் வீட்டிலிருந்து பார்க்கும் வேலை தேடுங்கள்.